ஸ்தோத்திரத்தக்கா

குழாயில் தண்ணீர் வந்தால் எல்லாருக்கும் சந்தோஷம்தான். தண்ணீர் வராத நாளில் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஸ்தோத்திரம்" என்று சொல்லித் திரும்பி வந்தது எங்கள் தெருவில் அந்த அக்கா மட்டும்தான்.

ராஜபாளையத்தில் மில் தொழிலாளிகள் குடியிருந்த வரிசை வீடுகள் அவை. எண்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி, கூமாப்பட்டியிலிருந்து நான் அங்கே போனேன். எதிர்வீடு அக்கா வீடு. அக்காவுக்கு நல்ல வேதாகமப் பெயர் ஒன்று உண்டு. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஸ்தோத்திரத்தக்கா என்றால் தபால்காரருக்குக்கூடத் தெரியும்.

பால் பொங்கி வழிந்தால் ஸ்தோத்திரம். பிள்ளை விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்தால், மஞ்சள் வைத்துக்கொண்டே ஸ்தோத்திரம். ஒரு ஐப்பசி மழையில் ஓடு விலகித் தண்ணீர் கொட்டியபோது, அடியில் வைக்கச் சட்டி தேடிக்கொண்டே ஸ்தோத்திரம் சொன்னது. பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏமம்மா, கூரை ஒழுகுனதுக்குமா ஒங்க சாமிக்கு நன்றி?"

"பிள்ளைக படுத்திருக்க எடத்துல ஒழுகாம அடுப்பங்கரையில ஒழுகுதே பெரியம்மா. அதுக்குச் சொல்ல வேண்டாமா?"

அக்கா பொட்டு வைக்காது, பூ வைக்காது. காது மூளியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை கட்டி, இரண்டு பெண் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தகரக் கொட்டகை ஜெப வீட்டுக்குப் போகும். அக்காவின் வீட்டுக்காரரும் கூடப் போவார். ஆனால் உள்ளே போகமாட்டார். வெளியே டீக்கடையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருப்பார். "அவ சொல்லுத ஸ்தோத்திரத்துல பாதி என் கணக்குலதான் ஏறுது, நான் வேற எதுக்கு?" என்று சிரிப்பார். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவரும் என் வீட்டுக்காரரும் ஒரே மில்லில் கார்டிங் பிரிவு. பஞ்சைச் சீவி நீளமாக இழுக்கிற மிஷின் ஓடும் இடம் அது. இருவர் தலையிலும் எப்போதும் பஞ்சுத் தூசி நரை போல ஒட்டியிருக்கும்.

அந்தச் சொல் முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிப் போனது. அதற்குப் பிறகு வந்த வருஷங்களில், அதைக் கேட்டாலே எனக்கு நெஞ்சில் முள் ஏறினது போல இருக்கும்.

ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வடம் பிடிப்பது என் வீட்டுக்காரர் குடும்பத்தில் விட்டுப்போகாத வழக்கம். ஒரு வருஷம் அவருக்குத் தேர் அன்று பகல் ஷிப்டு விழுந்தது. லீவு கேட்டார், கிடைக்கவில்லை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து அண்ணன்தான் வலிய வந்தார்.

"ஏலே, எதுக்கு இப்படி ஒக்காந்திருக்க? நமக்கென்ன தேரா, திருவிழாவா? நான் நின்னுக்கிடுதேன். நீ போயிட்டு வா."

"அண்ணே, ஒங்களுக்கு முந்தின நாள் நைட் ஷிப்டுல்ல?"

"இருக்கட்டுமேலே. ஒரு நாள் முழிச்சா செத்தா போயிருவேன்? ஒங்க அக்காட்ட மட்டும் சொல்லிராத. திட்டுவா."

அக்காவிடம் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் போனார். விடியவிடிய வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்கு வராமல் அப்படியே என் வீட்டுக்காரர் மிஷினில் போய் நின்றுகொண்டார்.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் மில்லிலிருந்து சைக்கிளில் ஒரு ஆள் வந்தான். என் வாசலில்தான் நிறுத்தினான்.

"யக்கா, ஒங்க வீட்டுக்காரருக்கு மிஷின்ல கை மாட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாக. யாராவது ஆம்பளையக் கூட்டிக்கிட்டு ஒடனே வாங்க."

சொன்ன வேகத்தில் அடுத்த தெருவில் சங்கத்து ஆளைக் கூப்பிடப் போய்விட்டான். நான் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இடுப்பில் இருந்த கைப்பிள்ளை அழ ஆரம்பித்தது. எதிர்வீட்டு வாசலில் மீன் உரசிக்கொண்டிருந்த அக்கா அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு ஓடி வந்தது. ஈரக் கையோடு என்னைச் சேர்த்துக் கட்டிக்கொண்டது. கண்ணை மூடி ஜெபம் பண்ணத் தொடங்கியது.

"ஆண்டவரே, ஸ்தோத்திரம். இந்தப் பிள்ளையப் பாரும் ஆண்டவரே. கைப்பிள்ளைக்காரி. அவ புருஷன் கையைக் காப்பாத்தும். அந்த மகன் உழைச்சுத்தான் இந்தக் குடும்பம் சாப்பிடணும், அந்தக் கையத் தொடாதேயும்…"

என் உடம்பு வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. ஜெபம் நீண்டுகொண்டே போனது. அதன் நடுவில் எங்கேயோதான் எனக்கு உறைத்தது. என் வீட்டுக்காரர் மில்லில் இல்லை. காலையிலேயே குளித்து, வேட்டி கட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிப் போயிருக்கிறார். அங்கே அவர் மிஷினில் நிற்பது வேறு ஆள். ஷிப்டு போர்டில் எழுதிய பேரைப் பார்த்து அந்தச் சைக்கிள்காரன் என் வீட்டுக்கு வந்திருக்கிறான்.

அப்போது என் மனசு என்ன சொன்னது என்றால், அப்பாடா என்றது. அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

வாயைத் திறந்து, "அக்கா, நிறுத்துங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொல்லவில்லை. அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, என் புருஷனுக்காக அது கெஞ்சுவதைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். ஆமென் சொல்லி அக்கா கண்ணைத் திறந்த பிறகுதான் சொன்னேன்.

"அக்கா… அவிய தேருக்குல்ல போயிருக்காக. அவிய மிஷின்ல இன்னைக்கு நிக்கிறது நம்ம அண்ணன்."

அக்கா என்னையே பார்த்தது. என்னை விட்டுவிட்டுச் செருப்பில்லாமல் தெருவில் ஓடியது. என் ஜாக்கெட் முதுகில் மீன் செதில் ஒட்டியிருந்ததைச் சாயங்காலம்தான் பார்த்தேன்.

மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு வலது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அவர்கள் திரும்பி வருகிற வரைக்கும் பிள்ளைகள் இரண்டும் என்னிடம்தான் இருந்தன. என் புருஷன் தப்பியதற்கு மறுநாளே தெருமுனை மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன். அந்தத் தேங்காயை அரைத்துத்தான் அந்தப் பிள்ளைகளுக்கு இட்லிக்குச் சட்னி வைத்தேன். வைக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை. அவை தின்னும்போதுதான் என்னால் பார்க்க முடியவில்லை.

மில்லில் ஏதோ கொடுத்தார்கள். வேலை கொடுக்கவில்லை. ஊரில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள் நிறைய இருந்தன. அங்கேயிருந்து துணியை வாங்கிவந்து, வெட்டி, சுருட்டி, காகிதம் சுற்றிக் கொடுக்கிற வேலையை அக்கா எடுத்துக்கொண்டது. வீடு முழுக்க வெள்ளைத் துணி மலைபோலக் கிடக்கும். அண்ணன் ஒரு மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அந்தச் சிரிப்பும் வாயும் எங்கே போயின என்று தெரியவில்லை.

அக்கா மட்டும் மாறவில்லை. அதுதான் தெருவுக்குப் புரியவில்லை. ஒரு நாள் மதியம் எதிர்வீட்டில் தட்டு உருண்டு விழுகிற சத்தம் கேட்டு ஓடினேன். இடது கையால் சோற்றைப் பிசைய வராமல், அண்ணன் ஆத்திரத்தில் தட்டைச் சுவரில் எறிந்திருந்தார். பிள்ளைகள் பயந்துபோய் நின்றன. அக்கா குனிந்து சோற்றைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தது.

"ஸ்தோத்திரம்," என்றது என்னைப் பார்த்து. "எடது கையால எம்புட்டுத் தூரம் எறிஞ்சிருக்காக பாத்தியா? போன வாரம் ஒரு டம்ளரத் தூக்க முடியல."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. மூலையில் இருந்த அண்ணன் தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, "கொண்டா, இன்னொரு தட்டு வையி" என்றார்.

இன்னொரு நாள் அவரைக் காணவில்லை. தெருவே தேடியது. அக்கா யாரிடமும் கேட்காமல் நேரே தண்டவாளத்துப் பக்கம் போனது. தென்காசி வண்டி போகிற வளைவில், ஜல்லிக்கல் மேல் அண்ணன் உட்கார்ந்திருந்தாராம். அக்காவும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டதாம். எழுந்து வா என்று சொல்லவில்லையாம். வெகு நேரம் கழித்து வண்டி வருகிற சத்தம் கேட்டபோது அண்ணன், "நீ தள்ளிப் போ" என்றாராம். "நீங்க இருந்தா நானும் இருப்பேன்" என்றிருக்கிறது அக்கா. வண்டி போன பிறகு இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்து வந்தார்கள். அவர் முன்னால், அக்கா பின்னால்.

"அன்னைக்கு வண்டி லேட்டு ஏட்டி," என்று பிற்பாடு அக்கா சொன்னது. "நேரத்துக்கு வந்திருந்தா நான் போறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சிருக்கும். நம்ம ஊரு வண்டி என்னைக்கு நேரத்துக்கு வந்துச்சு? அதுக்கும் ஸ்தோத்திரம்தான்."

என் வீட்டுக்காரர் அந்த வீட்டுப் படியை மிதிக்கவே இல்லை. மில்லுக்குப் போக எதிர்வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் தெருவின் பின்பக்கம் சாக்கடை ஓரமாகச் சுற்றிப் போவார். தேருக்கும் போவதை நிறுத்திவிட்டார். ஆடி பிறந்தாலே வீட்டில் பேச்சு நின்றுவிடும். நான்தான் எதிர்வீட்டுக்குக் குழம்பு, அரிசி, பிள்ளைகளுக்குப் பழைய துணி என்று ஏதாவது கொண்டுபோய்க்கொண்டே இருந்தேன். அக்கா எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொண்டு மேலே பார்த்து ஸ்தோத்திரம் சொல்லும். என்னை ஒன்றும் சொல்லாது. அது ஒன்றும் சொல்லாதது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒரு கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம், பிள்ளைகளுக்குப் புதுப் பாவாடை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் வெளியே போயிருந்தார். அக்கா தரையில் உட்கார்ந்து பேண்டேஜ் சுருட்டிக்கொண்டிருந்தது. பாவாடையைத் தொட்டுப் பார்த்து, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றது. எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை.

"அக்கா, எங்களால ஒங்க குடும்பம் இப்படி ஆயிருச்சு. ஒரு தடவையாவது என்னையத் திட்டுங்கக்கா. இப்படிச் சிரிச்சுக்கிட்டே ஸ்தோத்திரம் சொல்லாதீக. என்னால முடியல."

அக்காவின் கை நிற்கவில்லை. துணி சுருண்டுகொண்டே இருந்தது.

"ஏட்டி, நான் சந்தோசத்துல சொல்லுதேன்னா நெனைச்ச?"

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு ஒன்னையக் கட்டிப் பிடிச்சு ஜெபம் பண்ணுனேன்லா. மதுர ஆஸ்பத்திரியில அவிய கையில்லாமக் கெடக்கதப் பாத்துட்டு, அந்த ஜெபத்தத் திருப்பிக் குடும்னு ஆண்டவர்ட்ட கேட்டேன். அவ புருஷனுக்கு வந்தது அவ புருஷனுக்கே போகட்டும்னு கேட்டேன். ஒரு நாளு ரெண்டு நாளு இல்ல. அந்த வருசம் பூராக் கேட்டேன்."

அக்கா ஒரு சுருளை முடித்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்த துணியை எடுத்தது.

"நீ கொழம்பு கொண்டாருவ. ஒன் மூஞ்சியப் பாத்ததும் வாயில என்னென்னமோ வரும். அது வெளிய வந்துறக் கூடாதுன்னு ஸ்தோத்திரம்னு சொல்லுவேன். அந்தச் சொல்லப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் நிக்கேன். விட்டா விழுந்துருவேன். நான் விழுந்தா அவியளும் விழுந்துருவாக. மொதல்ல வாய் மட்டுந்தான் சொல்லுச்சு. இப்பம்தான் கொஞ்சங் கொஞ்சமா மனசும் சொல்லுது. ஆண்டவரு என்னையக் கைவிடல. நான்தான் அவரப் போட்டுப் பாடாப் படுத்திட்டேன்."

அக்கா தன்னிடம் இருந்ததையெல்லாம் சொல்லிவிட்டது. இனி நான் மறைப்பதில் அர்த்தமில்லை என்று பட்டது.

"அக்கா, நீங்க ஜெபம் பண்ணும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அது அவிய இல்லன்னு. தெரிஞ்சும் நீங்க முடிக்கிற வரைக்கும் சும்மா இருந்தேன்."

அப்போதுதான் அக்காவின் கை நின்றது.

"அது எனக்குத் தெரியும்," என்றது மெதுவாக. "நீ நடுங்கிக்கிட்டு இருந்த. பாதி ஜெபத்துல நடுக்கம் நின்னுச்சு. ஆண்டவர் கேட்டுட்டாருன்னு நெனைச்சேன் ஏட்டி. அதான் இன்னும் கொஞ்ச நேரம் ஜெபம் பண்ணுனேன்."

இரண்டு பேரும் அழுதோமா என்றால், இல்லை. நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். பாவாடையை அக்கா திருப்பிக் கொடுக்கவில்லை. கிறிஸ்மஸ் அன்று பிள்ளைகள் அதைத்தான் உடுத்திக்கொண்டு ஜெப வீட்டுக்குப் போயின. இதை என் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதில்லை. அவர் சுமப்பது அவருக்குப் போதும் என்று இருந்துவிட்டேன்.

தொண்ணூறுகளில் அவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடிபோனார்கள். ஜெப வீட்டுப் போதகர் யாரிடமோ சொல்லி, அங்கே ஒரு பிள்ளைகள் விடுதியில் அண்ணனுக்குக் காவல் வேலை கிடைத்தது. சமையலுக்கு அக்காவையும் எடுத்துக்கொண்டார்கள். சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும்போது நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். என் வீட்டுக்காரர் அன்று மில்லுக்கு விடியும் முன்பே போய்விட்டார். அவர்கள் போனதில் எங்களுக்கு ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தாலும் எனக்குக் கூச்சம்தான்.

சில வருஷம் கழித்து என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு கட்டியது. பஞ்சுத் தூசி என்றார் டாக்டர். மூச்சு விட முடியாமல், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். எப்படித்தான் தெரிந்ததோ, மூன்றாம் நாள் சாயங்காலம் வார்டு வாசலில் அண்ணனும் அக்காவும் நின்றார்கள்.

என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இடது கையால் அவர் காலைத் தட்டினார்.

"ஏலே, ஒன்ட்ட ஒண்ணு கேக்கணும்னு இத்தன வருசமா இருக்கேன். நீயோ ஆப்புடவே மாட்டேங்க. அன்னைக்குத் தேரு நெலைக்கு வந்துச்சாலே?"

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "தெரியாதுண்ணே. பாதியிலயே ஆள் வந்து சொல்லிட்டான். வடத்தப் போட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

"போலே இவனே! நீ தேரு இழுக்கணும்னுதானலே நான் ஷிப்டு பாத்தேன். அதையாவது முழுசா இழுத்தியா நீ? கையும் போயி, தேரும் பாதியா?"

என் வீட்டுக்காரர் அழுதார். அழுகை இருமலாகி, இருமல் சிரிப்பாகி, நர்ஸ் வந்து சத்தம் போட்டாள். அண்ணன் அவர் நெஞ்சை ஒற்றைக் கையால் நீவிவிட்டார். "அடுத்த ஆடிக்குப் போ," என்றார். "போய் எனக்கும் சேத்து இழு." அடுத்த ஆடிக்கு என் வீட்டுக்காரர் போகத்தான் செய்தார். இழுக்கத் தெம்பில்லை. வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தேர் நிலைக்கு வருகிற வரை தெரு ஓரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, நேரே போய் அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்தார்.

ஆஸ்பத்திரிக்கு வந்த அந்தச் சாயங்காலமே அக்கா கட்டிலின் தலைமாட்டில் நின்று அவருக்காக ஜெபம் பண்ணியது. சின்ன ஜெபம்தான். நான் கண்ணை மூடவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்ததும் அதுவும் என்னைப் பார்த்தது.

அவர்களை வழியனுப்ப வாசல் வரைக்கும் போனேன். அண்ணன் சைக்கிளை எடுத்தார். இடது கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி நின்றார். அக்கா பின்னால் கேரியரில் ஏறி உட்கார்ந்தது.

"அக்கா," என்றேன்.

"ஒன்னையப் பாத்தா எனக்கு இன்னும் செத்த நேரம் நெஞ்சு கனக்கத்தான் செய்யுது ஏட்டி," என்றது அக்கா. "பொறவு சரியாயிருது. அதுக்காக வராம இருக்க முடியுமா? நாளைக்குக் கஞ்சி கொண்டாரேன்."

சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடி, பிறகு நேராகப் போனது.

நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அக்கா வந்தது. வந்ததும் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கும். அந்தக் கொஞ்ச நேரம் எதற்கு என்று எனக்குத் தெரியும். நானும் பேசாமல் காத்திருப்பேன். பிறகு அக்கா திரும்பி, "கஞ்சி ஆறுது பாரு, டம்ளர எடு" என்னும்.